கழற்றக் கூடாத மூக்குத்தி

நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது நர்ஸாக இருக்கும் ஜெசிமா போன மாதம் போன் செய்தாள். "அக்கா, இங்கன பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசா ஒரு பியூட்டி பார்லர் தொறந்துருக்காக. துப்பாக்கி வச்சு மூக்குக் குத்துறாக. டப்புன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தேன். இப்ப தெனமும் ஒரு வீங்குன மூக்கு வருது. என்ன சொல்லி அனுப்பணும்னு நீங்க எழுதிக் குடுங்க, சுவத்துல ஒட்டிருவோம். நீங்கதான் மூக்குன்னா பயந்து சாவீகளே" என்றாள்.

கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை. கூட வேலை பார்த்தவர்கள் பாம்புக்கடி வந்தால் பதறுவார்கள், பிரசவத்தில் ரத்தம் நிற்காவிட்டால் பதறுவார்கள். அதற்கெல்லாம் நானும் பதறியிருக்கிறேன். ஆனால் சிவந்து வீங்கின மூக்கோடு ஒரு பெண் ஓ.பி. வரிசையில் நின்றால் நான் மட்டும் மற்றவர்களை விட்டுவிட்டு அவளிடம் ஓடுவேன். அதற்காக எனக்கு 'மூக்கு சிஸ்டர்' என்று பட்டப்பெயரே உண்டு. சுவருக்கு எழுத உட்கார்ந்தேன். சுவர் போதாது என்று தெரிந்ததும் இதை எழுதுகிறேன்.

மதுரையில் நர்சிங் படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. விடுதிச் சாப்பாட்டைத் திட்டினோம், படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் போடக் கற்றோம், வீட்டை நினைத்து அழுதோம். ஆனால் ஒரு நாள் எங்கள் ஆசிரியை கரும்பலகையில் ஒரு முகத்தை வரைந்து, இரண்டு புருவத்துக்கும் நடுவில் தொடங்கி வாயின் இரு ஓரங்களையும் தொடும்படி ஒரு முக்கோணம் போட்டார். "இதுக்குள்ள வர்ற பருவைக் கிள்ளாதீங்க, சீழைப் பிதுக்காதீங்க. இங்க இருக்கிற ரத்தக் குழாய்க்கும் மூளைக்கும் நேர்வழி இருக்கு" என்றார். அன்று இரவு என் மூக்கு நுனியில் ஒரு பரு இருந்தது. விடிய விடிய நான் தூங்கவில்லை. அந்தப் பயம் பிறகு என்னை விட்டுப் போகவே இல்லை.

அந்தப் பயத்துக்கு ஒரு ஒழுங்கைக் கொடுத்தவர் மீரான் டாக்டர். கீழக்கரைக்காரர். வீட்டில் மற்றவர்களெல்லாம் துபாய், சவூதி என்று போய்விட, இவர் மட்டும் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் ஓட்டை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நோயாளி நாற்காலியில், அவர் அதைவிடத் தணிந்த முக்காலியில். புண்ணைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா பார்ப்பார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் விழாது. அப்புறம் எழுந்து போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, நோயாளியிடம், "இப்ப ஒங்க கையக் காட்டுங்க" என்பார். பெரும்பாலும் அந்த நகத்தில்தான் கதை இருக்கும். புது மூக்குத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த விரல், மீன் ஆய்ந்த விரல், மாட்டுக்குத் தீவனம் வைத்த விரல்.

"பயப்படாதீங்க" என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பயத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். "குத்துன எடத்தச் சுத்திக் கொஞ்சம் செவப்பு, கொஞ்சம் வலி, வெள்ளையா தண்ணி கசிஞ்சு காயுறது, இதுக்கெல்லாம் பயப்படாதீங்க. செவப்பு கன்னத்துக்குப் பரவுனா, மஞ்சளா பச்சையா சீழ் வந்தா, காச்சல் அடிச்சா பயந்து இங்க ஓடியாங்க. கண்ணு எமை வீங்குனா, தலைவலி மண்டையப் பொளந்தா, பொருளு ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா, இங்ககூட வராதீங்க. ஆம்புலன்ஸக் கூப்பிட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஜெசிமா சுவரில் ஒட்ட வேண்டியது இதுதான். கூடவே இதையும் ஒட்டலாம். மூக்குக் குத்தப் புது ஊசி வேண்டும், பிரித்த உறையைக் கண்ணால் பார்த்துவிட்டு உட்கார வேண்டும். துப்பாக்கியைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய வழியில்லை. அது குத்துவதில்லை, நசுக்குகிறது. அதில் வரும் ஆணியும் குட்டை, மூக்கு வீங்கினால் உள்ளே புதைந்துவிடும். குத்திய பிறகு, காய்ச்சி ஆறின தண்ணீர் ஒரு டம்ளரில் கால் ஸ்பூன் உப்புப் போட்டு, சுத்தமான பஞ்சை நனைத்துக் காலையும் மாலையும் ஒற்றி எடுத்தால் போதும். மஞ்சள், சுண்ணாம்பு, விளக்கெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். ஆமாம், பற்பசை. ஒருத்தி அப்பிக்கொண்டு வந்தாள், மூக்கில் வெள்ளைச் சாந்து பூசின மாதிரி இருந்தது. மூக்குத்தியைத் திருகிப் பார்க்கக் கூடாது. ஆறச் சில மாதமாகும், அதுவரை குளம், கடல், கோயில் தீர்த்தம் எதிலும் முகத்தை முக்கக் கூடாது.

சீழ் வைத்துவிட்டால் நீங்களாகக் கழற்றவும் கூடாது. இதை நான் திருப்பாலைக்குடிப் பெண் ஒருத்தியிடம் பார்த்தேன். நிக்காஹ் நெருங்குகிற நேரம், மூக்கு வீங்கியிருக்கிறது. அவளுடைய உம்மா நல்லெண்ணத்தோடு மூக்குத்தியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். துளை சீக்கிரமே மூடிக்கொண்டது. சீழ் உள்ளேயே தங்கி, மூக்கு நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துவிட்டது. மீரான் டாக்டர் கீறி எடுத்தார். "தண்ணி தேங்கி நிக்கிற வீட்டுல வாய்க்கால யாராச்சும் அடைப்பாகளா?" என்று அந்த உம்மாவிடம் கேட்டார். மணப்பெண் மூக்கில் கட்டோடுதான் உட்கார்ந்தாள். பிரியாணி எங்களுக்கும் வந்தது.

இனி நான் சொல்ல வந்தது. மாரியூர் முனீஸ்வரி.

கச்சான் காற்று பிசாசு மாதிரி அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. காலை ஓ.பி.யில் ஒரு வயதான பெண் வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். பெயர் காளியம்மாள். பின்னால் முக்காடு போட்டபடி அவளுடைய மருமகள் முனீஸ்வரி. "நர்சம்மா, இவளுக்குக் காச்சலு. ஒரு ஊசியப் போட்டு விடுங்க தாயி, வெரசாக் கடக்கரைக்குப் போகணும். எம் மகன் போன வள்ளம் இன்னும் கரைக்கு வரல. கூடப் போன வள்ளமெல்லாம் வந்துருச்சு" என்றாள்.

நான் முக்காட்டை விலக்கினேன். இடது மூக்கு பழுத்த மிளகாய் நிறத்தில் மினுமினுத்தது. சிவப்பு கன்னத்தில் ஏறி, கண்ணுக்குக் கீழே போயிருந்தது. இடது இமை வீங்கிக் கண்ணையே மூடியிருந்தது. மூக்குத்தியின் பூ தோலுக்குள் பாதி அமிழ்ந்து கிடந்தது. உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். திருகாணியைக் காணோம். சதை அதை மூடி வளர்ந்திருந்தது.

வரிசையை நிறுத்திவிட்டு அவளை நேரே டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். ஆனால் அன்று பார்த்து முடிக்கும் முன்பே கையைப் பிரித்துவிட்டார். அவரே பயந்துவிட்டார் என்று தெரிந்தது.

"எமையத் தூக்கிப் பாருங்க சிஸ்டர்" என்றார். தூக்கினேன். முனீஸ்வரி பல்லைக் கடித்தாள். அவர் விரலை இடமும் வலமும், மேலும் கீழும் நகர்த்தி, "கண்ணத் திருப்பையில வலிக்குதாம்மா? ஒரு வெரலு ரெண்டாத் தெரியுதா?" என்று கேட்டார். லேசாக வலிக்கிறது, இரண்டாகத் தெரியவில்லை என்றாள். அவர் மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

பிறகுதான் கதை வந்தது. முனீஸ்வரி கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததும் மாமியார் வீட்டு முறையாக மூக்குக் குத்தியிருக்கிறார்கள். அவள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவள். குத்தின புண் ஆறுவதற்கு முன்னாலேயே முங்கும்போது போடும் கண்ணாடியை மூக்கின்மேல் இறுக்கி மாட்டிக்கொண்டு கடலில் இறங்கிவிட்டாள். கடலில் மூக்குத்தி கழன்று விழுந்துவிடக் கூடாதே என்று தினமும் காலையில் காளியம்மாளே திருகாணியை ஒரு சுற்று இறுக்கி விட்டிருக்கிறாள். வீங்கிய பிறகும் இறுக்கியிருக்கிறாள்.

"சீழ் வச்ச பெறகும் கடலுக்கு விட்டீகளா?" என்றேன். என் குரல் ஏறிவிட்டது.

"கடத்தண்ணி உப்புத்தான தாயி? நீங்களே உப்புத்தண்ணி வச்சுத்தான கழுவச் சொல்லுறீக?" என்றாள் காளியம்மாள்.

காய்ச்சி ஆறின உப்புத்தண்ணீரும் கரையோரக் கடலும் ஒன்றில்லை. மீன் கழிவும் ஊர்ச் சாக்கடையும் அதில்தான் வந்து கலக்கின்றன. அதைச் சொல்ல அது நேரமில்லை. டாக்டர் மருந்துக்குச் சொன்னார். நான் கையில் ஊசி ஏற்றி முதல் மருந்தை ரத்தத்தில் விட்டேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். வண்டி கடலாடிப் பக்கம் போயிருந்தது, வர நேரமாகும் என்றார்கள்.

டாக்டர் காளியம்மாளிடம் திரும்பினார். "அம்மா, திருகாணி சதைக்குள்ள மாட்டிருச்சு. சீழ் வெளிய வர வழியில்லாம மேல ஏறுது. வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. மூக்குத்தியக் கழட்டி எடுக்கணும்" என்றார்.

காளியம்மாள் மருமகளுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"கழட்டக் கூடாது."

"உசுருக்கு ஆபத்தும்மா."

"எம் மகன் கடல்ல கெடக்கான். அவன் கரையேறாம இவ மூக்குல கை வைக்கக் கூடாது. ஊசி போடுங்க, மாத்திர குடுங்க, என்னமும் செய்ங்க. மூக்குத்திய மட்டும் தொடாதீக."

அப்போதுதான் அவளுடைய மூக்கைக் கவனித்தேன். இரண்டு பக்கமும் துளை இருந்தது, இரண்டும் வெறுமையாக இருந்தன. நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

"எம் புருசன் கடலுக்குப் போயி வரல. மூணாம் நா அக்கம்பக்கத்துப் பொம்பளைக எல்லாம் வந்து, இனி வர மாட்டான்னு சொல்லி, எம் மூக்குல இருந்து கழட்டுனாக. நான் வேணாம் வேணாம்னு கத்துனேன். கைய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கழட்டுனாக. மறுநா பொணமா ஒதுங்குனாரு. அன்னைக்குக் கழட்டாம இருந்திருந்தா அவுக உசுரோட வந்திருப்பாகளோன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தூக்கமில்ல தாயி."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கடலுக்குப் போனவன் வராத வீட்டின் பயம் என்னவென்று எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். ஆனால் என் கண் முனீஸ்வரியின் இமையிலேயே இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் அது இன்னும் கொஞ்சம் தடித்துவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

மூடநம்பிக்கை என்ற சொல்லை மீரான் டாக்டர் எடுக்கவில்லை. முக்காலியில் போய் உட்கார்ந்தார். "அம்மா, ஒங்க பயத்த நான் பொய்யின்னு சொல்லல. மகனுக்காக நானும் துஆ செய்யிறேன். ஆனா இது அந்தப் பிள்ளையோட ஒடம்பு. அதுகிட்டக் கேக்காம நாம ரெண்டு பேரும் பேசுறது சரியில்ல" என்று சொல்லிவிட்டு, முனீஸ்வரியிடம் எல்லாவற்றையும் அதே வரிசையில் சொன்னார். சீழ் எங்கே இருக்கிறது, எங்கே போகக்கூடும், போனால் என்ன ஆகும், கழற்றினாலும் ஆபத்து முழுதாக நீங்கிவிடாது என்பது வரை. ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்குத்தான் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

முனீஸ்வரி நல்ல கண்ணால் மாமியாரைப் பார்த்தாள்.

"கழட்டட்டும் அத்தை. அவுக வந்து தேடையில நான் இருக்கணும்ல?"

காளியம்மாளின் முகம் கோணிக்கொண்டு போனது. நடுவிலிருந்து விலகினாள்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "மூக்குத்திய எடுத்த ஒடனே ஓட்டை மூடிரக் கூடாது. மூடுனா சீழ் திரும்ப உள்ள தங்கிரும். அதனால அதே ஓட்டையில ஒரு நூலக் கோத்து வளையமா முடிஞ்சு விட்டுருவேன்."

காளியம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப மூக்கு வெறும் மூக்கா இருக்காதா?"

"இருக்காதும்மா."

"நூலுல கொஞ்சூண்டு மஞ்சத் தடவிக்கிறலாமா?"

"கூடாது" என்று நானும் டாக்டரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்த நிலையிலும் முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்து, வலியில் முகத்தைச் சுளித்தாள்.

தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். டாக்டர் காளியம்மாளைத்தான் கூப்பிட்டார். அவள் தலைமாட்டில் நின்று மருமகளின் இரண்டு நெற்றிப்பொட்டையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். காய்ந்த பொருக்கை உப்புநீர்ப் பஞ்சால் ஊறவைத்து எடுத்தேன். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டார், சீழ் வைத்த இடத்தில் அது சரியாக ஏறாது என்று எனக்குத் தெரியும். நான் டார்ச்சைப் பிடித்தேன். வெளிச்சம் ஆடியது. "சிஸ்டர், கையச் சுவத்துல சாச்சுக்கங்க" என்றார், என்னைப் பார்க்காமலேயே.

உள்பக்கச் சதையை மயிரிழை அளவு கீறினார். திருகாணி தெரிந்தது. ஒரு இடுக்கியால் வெளியே பூவையும் இன்னொன்றால் உள்ளே ஆணியையும் பிடித்துத் திருப்பினார். திரும்பவில்லை. அவ்வளவு நாள் இறுக்கின இறுக்கம். முனீஸ்வரி அடித்தொண்டையில் முனகினாள். "பிஸ்மில்லாஹ்" என்று மெல்லச் சொல்லிவிட்டு மறுபடி திருப்பினார். கழன்றது. அதோடு கட்டிப் பச்சைச் சீழ் ரத்தத்தோடு வழிந்து என் கையுறைமேல் விழுந்தது. பிதுக்கவே இல்லை, அவர் தானாக வரவிட்டார். வந்து நின்றதும் கழுவி, கறுப்பு நூலைக் கோத்துத் தொளதொளவென்று முடிந்தார். மூக்குத்தியைக் கழுவிக் காளியம்மாளிடம் கொடுத்தேன். அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. "நீங்க கூடப் போங்க சிஸ்டர்" என்றார் டாக்டர். வண்டியில் ஏறும்போது என்னை நிறுத்தி, தணிந்த குரலில், "வீங்குன கண்ணப் பாக்காதீங்க. நல்ல கண்ணப் பாருங்க. அதுவும் வீங்க ஆரம்பிச்சா உள்ள போயிருச்சுன்னு அர்த்தம்" என்றார்.

ராமநாதபுரம் வரை நான் பார்த்தது அந்த ஒரு கண்ணைத்தான். ஜன்னலுக்கு வெளியே உடைமரமும் வயலும் மாறி மாறி ஓடின, ஒன்றும் மனதில் நிற்கவில்லை. வண்டி நிழலுக்குள் போகும்போதெல்லாம் அந்த வலது இமை தடித்த மாதிரித் தெரியும். குனிந்து பார்ப்பேன். வெயிலுக்கு வந்ததும் பழையபடி இருக்கும். தூங்கவிடக் கூடாது என்று அவளைப் பேச வைத்துக்கொண்டே இருந்தேன். எந்தத் தீவுப் பக்கம் பாசி நிறையக் கிடக்கும், கையில் ஏன் துணி சுற்றிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல வார்த்தை குழறியது. களைப்பா, மூளையா என்று தெரியாமல் நான் உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்தேன். காளியம்மாள் பின்கதவுக் கண்ணாடி வழியாகக் கடல் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் ஒரு பயத்தை, நான் ஒரு பயத்தைக் காவல் காத்தோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கு டாக்டரும் கண் டாக்டரும் ஓடி வந்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணுக்குப் பின்னால் இன்னும் போகவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது, இன்று இரவைத் தாண்ட வேண்டும் என்றார்கள். நான் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. மாரியூர்க் கரையில் காத்திருந்தவர்களுக்கு என் போன் நம்பரைக் கொடுக்கும்படி மீரான் டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அன்றிரவு போன் அடிக்கவே கூடாது என்றும் அடிக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். அடிக்கவில்லை.

மறுநாள் டியூட்டி முடிந்த கையோடு போனேன். காளியம்மாள் வார்டு வாசலில் சுவரோரமாகக் குந்தியிருந்தாள். ஆட்கள் அதிகமென்று அவளை வெளியே இருக்கச் சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயம் என்று புரிந்தது. நான் உள்ளே போனேன். வலது கண் அப்படியே இருந்தது. இடது இமையில் சுருக்கம் விழுந்திருந்தது. வீக்கம் வடிகிற தோலில்தான் அப்படிச் சுருக்கம் விழும். "முனீஸ்வரி" என்றேன். அந்தக் கண் ஒரு கீற்று திறந்தது. விரல்களைக் காட்டினேன், நல்ல கண்ணை என் கையால் மூடிக்கொண்டு. சரியாகச் சொன்னாள். அதே விரலால் என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வெளியே வருவதற்குள் போன் அடித்தது. மாரியூரிலிருந்து. இயந்திரம் பழுதாகி, கச்சான் தள்ளிக்கொண்டு போய், பாம்பன்காரர்கள் பார்த்துக் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். காளியம்மாளின் மகன் முருகேசன் உயிரோடு கரையேறிவிட்டான்.

நான் காளியம்மாளிடம் ஓடினேன். "அம்மா, ஒங்க மகன் வந்துட்டான். பாம்பன்ல எறங்கிட்டானாம். நல்லா இருக்கானாம்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கையையும் ஒரு கணம் கூப்பினாள்.

"சரி தாயி. இவ கண்ணத் தொறந்தாளா?"

"தொறந்துட்டா. என் வெரல எண்ணிச் சொல்லிட்டா."

மகன் பிழைத்தான் என்றபோது அழாதவள், அப்போதுதான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள்.